நானூற்றுப் பன்னிரண்டு பேரின் முகம்

"அழகுக்கு ஒரே ஓர் இலக்கணம்தான் உண்டு. அது நாடு, மொழி, நிறம், காலம் நான்கையும் கடந்தது. குகையில் வாழ்ந்த மனிதனும் பத்தாவது மாடியில் வாழும் மனிதனும் ஒரே முகத்தைக் கண்டுதான் பெருமூச்சு விடுகிறார்கள்."

மேடையில் நின்று இப்படி அறிவித்தவர், அன்று காலை மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றுபோய்விட்டது. ஆகவே மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே புதிதாகத் தார் போட்ட சாலை போல ஒரு பட்டையுடன் வந்திருந்தார். முகத்துக்குப் பூசும் கிரீம் தயாரிக்கிற கம்பெனியின் ஆய்வுப் பிரிவுக்கு அவர் தலைவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று அதை உருவி எதிரே நிற்பவரின் இரண்டு கண்களுக்கும் நடுவே வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்பார். ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மாமனாரையும் அளந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆபீஸில் அவருக்கு 'அளவுகோல்' என்றே பெயர்.

அவருக்குப் பின்னால் திரை விலகியது. மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பெண்ணின் முகம்.

கைதட்டல் வரவில்லை. அதுதான் ஆச்சரியம். அரங்கம் அப்படியே அடங்கிப்போனது. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண், "எங்க அத்தை மாதிரியே இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்ல, அவள், "போடி, எங்க ஸ்கூல் டீச்சர்" என்றாள். வாட்ச்மேன் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். செத்துப்போன தன் தங்கை என்று பிறகு சொன்னார். அளவுகோலே ஒரு கணம் பேச்சை மறந்து திரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என் தாயாரின் சாயல் இருக்கிறது" என்றார். அவருடைய தாயாரைப் பார்த்தவர்கள் அரங்கில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த முகம் யாருடையதும் இல்லை. பல ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டு பெண்களைப் படமெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி, எல்லாருக்கும் பொதுவானதை மட்டும் விட்டுவைத்துச் செய்தது. அதைச் செய்தவன் இரண்டாம் மாடி ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் போட்டோக்காரன். முகத்தோடு முகத்தை ஒட்டுகிறவன் என்பதால் அவனுக்கு 'ஒட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. "என்ன ஒட்டு, சாப்பிட்டாச்சா?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இருபது வருஷமாய்ப் பரு, மரு, கருவளையம், சுருக்கம் எல்லாவற்றையும் அழித்து அழித்தே சோறு தின்கிறவன்.

அன்று கடைசி வரிசையில் நின்று எல்லாரும் விறைத்துப்போனதைப் பார்த்தபோது அவனுக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. திரையில் இருந்த கண்கள் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் கீழே, இடப்பக்கமாய்ப் பார்த்தன. ஏதோ கேட்க வாய் திறக்கப்போகிற மாதிரி. நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும், "லென்ஸைப் பாருங்கம்மா" என்று அவனே தொண்டை வற்றச் சொல்லியிருந்தான். பிறகு யார் கீழே பார்த்தது?

மறுநாள் மத்தியானம், பின்பக்கக் கேட் வழியாக ஒரு பெண் அவனைத் தேடி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். துணிக்கடையில் வேலை, கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்துபோய் ஓடிவந்திருந்தாள்.

"சார், இங்க தரை துடைச்சிட்டு இருந்தாங்களே, அவங்க பொண்ணு நான்."

ஒட்டு ஒரு நிமிஷம் யோசித்தான். ஆமாம், ஓர் அக்கா இருந்தாள். துப்புரவு ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், நீலச் சீருடை. மூன்று மாதத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனாள் என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நாளே அதே நீலச் சீருடையில் வேறொருத்தி வந்துவிட்டாள். பினாயில் வாசனைகூட மாறவில்லை.

"அம்மா வீட்ல சொல்லுவாங்க சார், ஆபீஸ்ல என்னை தினமும் போட்டோ எடுக்கறாங்கன்னு. எங்களுக்கெல்லாம் சிரிப்பு. நான் போன்ல எடுக்கப்போனா முகத்தைத் திருப்பிக்குவாங்க. 'அங்க பெரிய கேமராவுல எடுக்கறாங்கடி, இது எதுக்கு?'ன்னு அப்படி ஒரு பெருமை."

"ஆமாம்மா. எடுத்தேன்."

"அதுல ஒண்ணு குடுங்க சார். வீட்ல ஒரு படம்கூட இல்ல. ரேஷன் அட்டையில இருக்கறது நகத்தளவு, அதுவும் தண்ணி பட்டு ஊறிப்போச்சு." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "எனக்கு முகம் மறந்துட்டு வருது சார். போன மாசம் வரைக்கும் கண்ணை மூடினா வருவாங்க. இப்ப வராங்க, ஆனா பக்கத்து வீட்டம்மாவோட கலந்துபோய் வராங்க. அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டம்மா மட்டும்தான் வருவாங்கன்னு பயமா இருக்கு."

எடுத்தது உண்மை. ஒவ்வொரு பெண் வந்து உட்காருவதற்கு முன்னாலும் விளக்கைச் சரிபார்க்கக் கேமராவுக்கு முன்னால் போட்ட ஸ்டூலில் யாராவது உட்கார வேண்டும். கைக்குக் கிடைத்தவள் அந்த அக்காதான். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்காருவாள். வெளிச்சம் அளக்க ஒரு சாம்பல் நிற அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்வாள். அவன் ஒரு படம் எடுப்பான், கன்னத்தில் விழும் நிழலைப் பார்ப்பான், விளக்கை நகர்த்துவான். "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அத்தனையையும் அவன்தான் அழித்தான். வந்த பெண்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில், வேலை முடிந்த ஒரு மாதத்தில் எல்லாப் படங்களும் அழிக்கப்படும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். நாள் வந்தது. "நிச்சயமாக அழிக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ஆமாம் என்று அழுத்தினான்.

"தேடிப் பாக்கறேம்மா," என்றான். "அடுத்த வாரம் வாங்க."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த வாரம் உலகின் அழகு ஆபீஸுக்குக் குடிவந்தது. வரவேற்பறையில் ஒன்று, மாடிப்படி வளைவில் ஒன்று, மீட்டிங் அறையில் ஒன்று என்று படத்தைப் பெரிது பெரிதாக மாட்டினார்கள். இரண்டே நாளில் மாடிப்படியை எல்லாரும் கைவிட்டு லிஃப்டுக்கு வரிசை கட்டினார்கள். "முட்டி வலி" என்றார்கள், இருபத்திரண்டு வயதுக்காரர்கள் உட்பட. வாட்ச்மேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். கேட்டால், வாட்ச்மேன் தெருவைத்தானே பார்க்கணும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. வரவேற்பு மேஜைப் பெண் மட்டும் ஒட்டிடம் வந்து மெல்லக் கேட்டாள்.

"ஒட்டு அண்ணா, அந்தக் கண்ணு நம்மளைப் பாக்கலையே, அப்புறம் ஏன் எனக்கு தப்பு பண்ண மாதிரியே இருக்கு?"

"என்ன தப்பு?"

"அதுதான் தெரியல. டீ கொட்டிட்டு துடைக்காம வந்துட்ட மாதிரி."

ஒட்டுக்கு அதைவிட மோசம். கம்ப்யூட்டரில் அந்த முகத்தைத் திறக்கும்போதெல்லாம் மூடிய அறையில் ஈரத் துணியின் வாசனை வந்தது. ஒரு காலையில், பத்து மணி வெயில் ஜன்னலில் நிற்கும்போதே, ஸ்டூல் தரையில் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினான். ஸ்டூல் சுவரோரம் வைத்த இடத்தில்தான் இருந்தது. திரும்பி உட்கார்ந்தவன், திரையில் இருந்த உதடுகள் முன்னைவிடக் கொஞ்சம் திறந்திருப்பதாக நினைத்தான். பெரிதாக்கி அளந்து பார்த்தான். திறக்கவில்லை. அளந்து பார்த்ததற்காக வெட்கப்பட்டான்.

வெள்ளிக்கிழமை மீட்டிங். வெளியிலிருந்து ஒரு பண்பாட்டு நிபுணரை அழைத்திருந்தார்கள். வாராவாரம் வந்து போகிறவர்தான். ஒவ்வொரு சமூகமும் தன் கண்ணைத் தானே செய்துகொள்கிறது, எல்லாருக்கும் பொதுவான அழகு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பது அவர் கட்சி. இதை நிரூபிக்க அவர் எழுதிய புத்தகத்தின் பின் அட்டையில் அவருடைய பதினைந்து வருஷத்துக்கு முந்தைய படம் இருந்தது.

அளவுகோல் எழுந்தார். "இந்த ஆபீஸ்ல நூத்துப் பத்து பேர் இருக்கோம். வேற வேற குடும்பம், வேற வேற வளர்ப்பு. ஒருத்தர் விடாம இந்த முகம் தெரிஞ்ச முகம்னு சொல்றாங்க. அழகு பிறக்கும்போதே நமக்குள்ள அச்சடிச்சிருக்குங்கறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

நிபுணர் புன்னகைத்தார். "அதே சாட்சி எனக்கும் போதும். ஒருத்தருக்கு அத்தை, ஒருத்தருக்கு டீச்சர், ஒருத்தருக்குத் தங்கை. அவங்கவங்க வளர்ந்த வீட்டைத்தான் அவங்கவங்க பாக்கறாங்க."

"உங்களுக்கு யார் மாதிரி தெரியுது?"

நிபுணர் படத்தைப் பார்த்தார். புன்னகை நின்றது. "எங்க வீட்ல... இல்ல, யாரோ. எங்கேயோ டீ குடுத்த மாதிரி." பிறகு சமாளித்துக்கொண்டு, "என் பண்பாட்டில் தாய்மை என்பது விருந்தோம்பலோடு சம்பந்தப்பட்டது" என்றார்.

ஒட்டு ஒரு தாளை நீட்டினான். கிளை ஆபீஸ்களிலிருந்து வந்த பதில்கள். நான்கு ஊர்களுக்குப் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார்கள். மூன்று ஊர்க்காரர்கள், 'நன்றாக இருக்கிறது, குறிப்பாக ஒன்றும் தோன்றவில்லை' என்று எழுதியிருந்தார்கள். நான்காவது ஊர், 'இந்த அம்மா யார்? காணாமல் போனவரா?' என்று கேட்டிருந்தது.

"அந்தக் கிளைகளுக்கெல்லாம் ரசனை கிடையாது," என்று அளவுகோல் தாளை மடித்து வைத்தார். "கழுத்தைப் பாருங்க." அளவுகோலை உருவித் திரையில் தாடைக்குக் கீழே வைத்தார். மெலிதாக, சாம்பல் நிறத்தில் ஒரு நேர்கோடு. "இது நானூற்றுப் பன்னிரண்டு பேர்லயும் பொதுவா வந்திருக்கு. இதுக்கு நான் 'கம்பீர ரேகை'ன்னு பேர் வெச்சிருக்கேன். அடுத்த மாசம் கட்டுரை வருது."

ஒட்டின் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான்.

மேஜைக்குக் கீழே ஒருவர் காலும் தரையில் இல்லை. பதினோரு பேர். எல்லாரும் இரண்டு கால்களையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே பேச்சு நடந்துகொண்டே இருந்தது, விவாதம் சூடாகவே இருந்தது, கீழே கால்கள் அந்தரத்தில் நின்றன. தினமும் பத்து மணிக்குத் தரை துடைப்பான் வந்தால், போனைக் காதிலிருந்து எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் எல்லாரும் காலைத் தூக்குவார்கள். தூக்குகிறோம் என்பதே தெரியாது. நிபுணரும் தூக்கியிருந்தார். நின்றுகொண்டிருந்த அளவுகோல் மட்டும் ஒரு காலைத் தூக்கிவிட்டு மற்றதில் நின்றார்.

மேஜைக்கு அடியில் குனிந்தபடியே ஒட்டுக்கு எல்லாம் புரிந்தது. அந்தக் கோடு கம்பீரம் இல்லை. வெளிச்சம் அளக்க அக்கா தாடைக்குக் கீழே பிடித்த அட்டையின் விளிம்பு.

மாடிக்கு ஓடிப்போய் வேலைக் குறிப்பைத் திறந்தான். ஏற்றிய படங்களின் எண்ணிக்கை எண்ணூற்று இருபத்து நாலு. அன்றே அதைப் பார்த்திருந்தான். ஆளுக்கு இரண்டு படம் போலிருக்கிறது, பாதியாக்கினால் நானூற்றுப் பன்னிரண்டு சரியாக வருகிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டு போனவன் அவன். ஆளுக்கு ஒன்றுதான் எடுத்தது. மற்ற நானூற்றுப் பன்னிரண்டும் விளக்குச் சோதனைப் படங்கள், நீக்க மறந்தவை. உலகத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து பாதி முகம், மீதிப் பாதி தரை துடைத்த அக்கா. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கீழே இடப்பக்கம் பார்த்தது தன் வாளியை. கேட்க வாய் திறந்தது, முடிஞ்சுதா தம்பி என்று.

அளவுகோலிடம் போய்ச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த அம்மா?"

"நம்ம ஆபீஸ் துடைச்ச அம்மா சார். ஆறு வருஷம்."

அளவுகோல் கண்ணை மூடி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "நம்ம ஆபீஸைத் துடைச்சாங்களா?" என்றார். பிறகு, "படம் பிரிண்டுக்குப் போயாச்சு, தம்பி. அளவு பொய் சொல்லாது" என்றார்.

திங்கட்கிழமை துணிக்கடைப் பெண் வந்தாள். பின்பக்கக் கேட்டை மூடியிருந்ததால் வரவேற்பறை வழியாக வர வேண்டியதாயிற்று. ஒட்டு இறங்கி வந்தபோது அவள் அந்தப் படத்துக்கு நேர் கீழே கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றாள்.

"இது யாரு சார்?"

ஒட்டு மாடிப்படியைக் காட்டினான். அவள் நகரவில்லை.

"எங்க அம்மாவோட அக்கா மாதிரி இருக்காங்க." படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு அக்காவே கிடையாது" என்றாள்.

ஸ்டூடியோவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னான். பிஸ்கட்டைக்கூட விடவில்லை. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. திரையில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மா இதுக்குள்ள இருக்காங்க."

"பாதி."

"மீதியை எடுத்துட முடியாதா?"

"மத்தவங்க படம் எதுவும் இல்லம்மா. கையாலதான் எடுக்கணும். நீங்க சொன்னா நான் செய்யறேன்."

"அண்ணா," என்றாள். சார் போய்விட்டது. "எனக்கே சரியா ஞாபகம் இல்லைன்னு சொன்னேனே."

"தப்பா போட்டா, தப்புன்னு தெரியும் இல்ல?"

அப்படித்தான் ஆரம்பித்தார்கள். தப்பிலிருந்து தப்புக்கு. "கண்ணு இவ்வளவு பெரிசு இல்ல. இன்னும். இடது கண் இன்னும் சின்னது." "நெத்தியில கோடு இருக்கும்." "எத்தனை?" "எண்ணினதில்ல. போடுங்க, சொல்றேன்." ஒன்று போட்டான், இரண்டு போட்டான். மூன்றாவது போட்டதும், "ஐயோ ஆமாம்" என்று கையைக் கடித்துக்கொண்டாள். இருபது வருஷம் அழித்தே பழகிய கைக்குச் சுருக்கம் வரைய வரவில்லை. வரைந்தால் துணியில் போட்ட தையல் மாதிரி வந்தது. அழித்து அழித்து மறுபடி போட்டான். கன்னத்தை உள்ளே தள்ளினான். உதட்டின் வரம்பைக் கலைத்தான். "கன்னத்துல எண்ணெய் தெறிச்ச தழும்பு ஒண்ணு. இங்க இல்ல, கீழ. அம்மா அதைக் கேட்டா மச்சம்பாங்க." சிரித்தாள். "பொய். மச்சம் எப்படி ஒரு வருஷத்துல வரும்னு கேட்டா அடிக்க வருவாங்க."

ஒவ்வொன்றாகக் குறைக்கக் குறைக்க, உலகின் நானூற்றுப் பன்னிரண்டு பெண்களும் அறையிலிருந்து எழுந்து எழுந்து போவது போல இருந்தது. யாரோ ஒருத்தி மட்டும் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தாள். ஈரத் துணி வாசனை வந்தது. இந்தத் தடவை துணிக்கடைப் பெண்ணும் மூக்கை உறிஞ்சி, "பினாயில்" என்றாள். பக்கத்தில் வாளி எதுவும் இல்லை.

பல் வரிசையில் ஓர் இடைவெளி வைத்ததும் அவள் சட்டென்று, "நிறுத்துங்க" என்றாள்.

ஒட்டு மவுஸை விட்டான். தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். உட்கார்ந்திருக்க முடியவில்லை. திரையில் இருந்தவள் அவனைக் கடந்து கீழே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு தடவை பார்த்திருக்கிறான், கன்னத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று.

"அம்மா," என்றாள் அவள், திரையைப் பார்த்து, மிகச் சாதாரணமாக, கடைக்குப் போயிட்டு வரேன் என்று சொல்கிற குரலில்.

வெகுநேரம் கழித்து ஒட்டு மறுபடி உட்கார்ந்தான். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. முகத்தின் நடுவில் மூக்கு அப்படியே போஸ்டர் மூக்குதான். நேராக, மெலிதாக, அளவுகோல் வைத்து வரைந்தது போல.

"மூக்கைச் சொல்லலையே நீங்க."

"சரியாத்தானே இருக்கு."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். இடது கண் சின்னது, நெற்றி, தாடை, பல்லிடைவெளி, எல்லாம் திரையில் இருந்தவளின் அச்சு. ஆனால் இவள் முகத்தில் இருந்த மூக்கு அகலமாய், தண்டு தாழ்ந்து, நுனி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திரையில் மூக்கின் ஓரத்தை இழுத்து அகலமாக்கினான்.

"இப்படித்தானே?"

அவள் தும்மல் வந்தவள் போல உள்ளங்கையால் தன் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அது வேண்டாம்ணா. முன்ன இருந்த மாதிரியே வெச்சிடுங்க."

"ஆனா அம்மாவுக்கு..."

"வெச்சிடுங்க."

வைத்தான். பெரிய தாளில் ஒன்றும் சின்னதில் இரண்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அவள் உறையில் போடாமல் கையிலேயே பிடித்துப் பார்த்து, "அம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படத்தில் இருந்த மூக்கு அம்மாவுடையது இல்லை.